பாடப் புத்தகம் தவிர, பதின்ம வயதில் நீங்களாக விரும்பிப் படித்த புத்தகங்கள் எவை? படித்தபோது என்ன தோன்றியது?

எனக்கே இப்போது பதினேழுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறேன். அதனால் 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பிக்க வழியில்லை. ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) உண்டு, செம்மறி உண்டு, கொப்பரைக் களம் உண்டு. புத்தகக் கடை மட்டும் கிடையாது. பாதிப் புத்தகங்கள் கிளை நூலகத்தில் எடுத்தவை. மீதி, மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கியவை. ஆகஸ்டில் நடக்கும். அம்மா புத்தகத்துக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் டெல்லி அப்பளத்துக்குப் போய்விடும், அது வேறு விஷயம்.

ஒரே மூச்சில் படித்து 'சூப்பர்' என்று மூடிவைத்த கதைகள் பலவற்றில் இப்போது ஆள் பெயர்கூட ஞாபகம் இல்லை. எழுதியவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே படித்தவைதான் நிற்கின்றன. அவற்றைப் பற்றியே சொல்கிறேன்.

பொன்னியின் செல்வனிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் யாரும் விடமாட்டார்கள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஐந்து பாகமும் படித்தேன். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் எனக்கு உடனே பிடித்துப்போனது. கொடுமுடியிலும் பவானி கூடுதுறையிலும் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் இறங்கி வளர்ந்தவர்களுக்கு அதற்குள் நுழைவது சுலபம். ஆனால் வந்தியத்தேவனுக்கு வாய்க்கிற அதிர்ஷ்டம் கொஞ்சம் ஓவர். எந்த மரத்தடியில் ஒதுங்கினாலும் ஒரு ரகசியம் காதில் விழுந்துவிடுகிறது! எல்லாரும் குந்தவை, நந்தினி என்று அடித்துக்கொள்வார்கள். என் ஓட்டு பூங்குழலிக்கு. கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தானே படகு தள்ளிப் போகிறவள், வேறென்ன வேண்டும்? கோபம் வந்தது கடைசியில்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் கூடவே நடந்தால், கல்கி பட்டென்று சொல்லாமல் நழுவுகிறார். 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ரவிதாசனும் அவன் கூட்டமும் செய்த துரோகத்தை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஏவிவிட்டது யார் என்பதில் வரலாற்று ஆசிரியர்களே இன்னும் ஒத்துப்போகவில்லையாம். சரி, கல்கியை மட்டும் திட்டி என்ன பயன்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஜாலியாகப் போனது. குழந்தை பெற அரசாங்க அனுமதி வாங்க வேண்டிய இந்தியா, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. கதை நடப்பது நாம் இருக்கிற இதே 2020-களில் என்பதால் சில இடங்களில் சிரிப்பு வந்தது. ஜீனோ மட்டும் வீட்டுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஜெயமோகனின் 'யானை டாக்டர்' வேறு மாதிரி. 'அறம்' தொகுப்பில் உள்ள கதை. டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜமான கால்நடை மருத்துவரைப் பற்றியது, நடப்பது பொள்ளாச்சிக்கு மேலே டாப்ஸ்லிப் காட்டில். அழுகிய யானையின் உடம்பில் நெளியும் புழுக்களைப் பார்த்து கதை சொல்லும் வனத்துறை அதிகாரிக்குக் குமட்டுகிறது. டாக்டரோ அதில் ஒன்றைக் கையில் எடுத்து, புழுக்களெல்லாம் கைக்குழந்தை மாதிரி என்கிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்று இரவு தயிர்ச்சாதமும் இறங்கவில்லை. மறுநாள் திரும்ப எடுத்தது அந்த டாக்டருக்காகத்தான். இவ்வளவு நல்லவராக ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று கதை நெடுகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குட்டியானை வந்து நிற்கிற இடத்தில் சந்தேகமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதில் சுற்றுலா வந்தவர்கள் வீசிய பீர் பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறி, கால் சீழ் பிடித்து, அது நாள்கணக்கில் துடித்துச் சாகும். நான் படித்த கொஞ்ச நாளிலேயே மாமன் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டியபோது மாமன் கையில் காலிப் பாட்டில். "ஏனுங் மாமா, ஒரு கதை சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பித்தேன். சீழ் வரைக்கும்தான் வந்திருப்பேன். "போதும் சாமி, நிறுத்து. பாட்டிலப் பொள்ளாச்சிக்கே திருப்பிக் கொண்டுட்டுப் போறன்" என்று சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டார். இந்தத் தொல்லைக்காகத்தான் 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறையே கொண்டுவந்தார்கள்.

அப்புறம் நாகம்மாள். ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதியது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று நூலகத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தபோது, 'ஐயோ, பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கே' என்றுதான் தோன்றியது. பிரித்தால் எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருக்கிறாள். ஊர்ச் சண்டியர் கெட்டியப்பனை நம்பி, தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்கிறாள். கதை அவ்வளவுதான், கொலையில் போய் முடிகிறது.

எனக்குக் கோபம் யார் மேல் என்று கேட்டால், எழுதியவர் மேல். சின்னப்பனையும் அவன் மனைவி ராமாயியையும் தங்கமானவர்களாகக் காட்டிவிட்டு, பங்கு கேட்கிறவளை அடங்காதவள் போலத் தெரிய வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது கதையைச் சொன்னேன். அம்மாயிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் பாகப்பிரிவினை என்றால் ஊரில் யார் வீட்டில் யார் எவ்வளவு என்று ஒப்பிப்பாள். முழுசும் கேட்டுவிட்டு, "பங்கு கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல கண்ணு. அந்தக் கெட்டியப்பன நம்பிக் கேட்டா பாரு, அதான் தப்பு" என்றாள். வேறு யாரை நம்புவது? ஊரில் ஒருத்தராவது அவள் பக்கம் பேசினார்களா? அம்மாயியோடு பொழுது சாயும் வரை வாதம். அப்பா அந்தப் பக்கம் வந்து, "1989-லயே சட்டம் போட்டாச்சு, பொண்ணுக்கும் சம பங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். "சட்டம் இருக்குது, உங்க அக்கா கேட்டுச்சா?" என்றாள் அம்மாயி. அத்தைக்கும் ஐந்து பவுனோடு முடித்துவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மறுபடி படித்தபோது, சண்முகசுந்தரம் நாகம்மாளுக்கு நான் நினைத்ததைவிட அதிகமாகவே இடம் கொடுத்திருப்பது தெரிந்தது. அவள் கோபத்தை அவர் எங்கேயும் கேலி செய்யவில்லை.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கூளையன் அருந்ததியர் வீட்டுப் பையன், கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டவன். பண்ணையக்காரர் மகன் செல்வன் ஏறக்குறைய அவன் வயது. சேர்ந்து விளையாடுவார்கள், ஆனால் ஒரு நொடியில் ஒருவன் முதலாளி மகனாகிவிடுவான். எங்கள் வீடு செல்வன் வீட்டுப் பக்கம். கிளுவை வேலி, பட்டி, கிணறு, பனை, வெயில் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அதையெல்லாம் கூளையன் நின்ற இடத்திலிருந்து பார்த்ததே இல்லை. பாதிக்கு மேல் அவர்கள் கும்மாளம்தான், அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வரும்போதுதான் சுருக்கென்றது. எங்கள் கொறங்காட்டில் ஆடு பார்க்கிற தாத்தாவுக்கு அப்பாவைவிட வயது அதிகம், ஊர்ப் பொடிசுகள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அவருக்குத் தட்டு தனி. ஏன் என்று வீட்டில் கேட்டேன். "பழக்கம்" என்றார்கள், பேச்சு மாறிவிட்டது. இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்ததா என்றால் சட்டென்று பதில் வரவில்லை. பிடித்த புத்தகத்தைத் தோழிகளிடம் தூக்கிக் கொடுப்பேன். இதை அம்மா மேசை மேல் வைத்தேன். அம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பக்க அடையாளம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது கையில் இருப்பது 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியது. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆசை காட்டி அழைத்துவந்தவர்கள் வால்பாறை எஸ்டேட்டுகளில் பட்ட பாடு. மாமன் வண்டியில் போனபோது நான் போட்டோ எடுத்த அதே பச்சைச் சரிவுகள். மெதுவாகத்தான் போகிறது, ஒரே இருப்பில் படிக்க முடியவில்லை.

என் வயதுக்காரர் யாராவது எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் யானை டாக்டரைச் சொல்வேன். ஜெயமோகன் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது, ஒரு ராத்திரிக்குள் முடிந்துவிடும். சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காருங்கள்.