மூக்கடியில் மஞ்சள் பக்கு: டேகேரை மூட வேண்டுமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். எட்டு மாதக் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை ஏழு குழந்தைகள் வருகிறார்கள். அதில் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு மூக்குக்குக் கீழே சின்னக் கொப்புளம் வந்து உடைந்து, இப்போது மஞ்சளாகப் பக்கு கட்டியிருக்கிறது. "வெயில் சூடு, கொசு கடித்ததைச் சொறிந்துவிட்டான்" என்கிறார் அவன் அம்மா. அவருக்கு ஆபீஸில் லீவு கிடைப்பது கஷ்டம். நேற்று இன்னொரு பெண் குழந்தையின் முழங்காலிலும் ஒரு கொப்புளம் பார்த்தேன். இது ஒட்டுவாரொட்டியா? டேகேரைச் சில நாள் மூட வேண்டுமா? மற்ற பெற்றோரிடம் சொன்னால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் துணையாக மாமியார்தான் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிறார். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு.

பதில்: மூட வேண்டாம். ஆனால் அந்தப் பையன் இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மற்ற பெற்றோரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இம்பெடிகோ என்ற தோல் தொற்றுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. நம் வீடுகளில் இதையும் சிரங்கு என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்க்கும் மருத்துவர் இதை உறுதி செய்யட்டும். ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களால் வருவது இது. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கே அதிகம் வரும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரோக்கியமான பலருடைய மூக்கிலும் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகினால், துடைத்துத் துடைத்து அந்த இடத்துத் தோல் புண்ணாகிறது. மூக்கை நோண்டிய விரல் அங்கே படுகிறது. பாக்டீரியாவுக்கு அது போதும். மூக்கடியிலும் வாயோரத்திலும் இது அடிக்கடி வருவதற்கு அதுவே காரணம்.

அவன் அம்மா சொன்னதிலும் பாதி சரி. வெயில் சூடு நேரடியாக இந்த நோயைத் தராது. ஆனால் சென்னையின் கத்திரி வெயிலில் வேர்க்குருவும் கொசுக்கடியும் சேர்ந்து குழந்தை நாள் முழுக்கச் சொறிந்தால் தோலில் கீறல் விழும், தொற்று அந்தக் கீறல் வழியாக உள்ளே போகும். சுத்தமில்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் இது வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் இரண்டு வேளை குளிக்கும் குழந்தைக்கும் வரும். அந்த அம்மாவிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதாக நினைத்துவிட்டால் அடுத்த முறை அவர் புண்ணைப் பவுடர் போட்டு மறைத்துத்தான் அனுப்புவார்.

சரி, எப்படிப் பரவுகிறது? பெரும்பாலும் தொடுவதால். புண்ணிலிருந்து கசியும் நீர் கையிலோ துணியிலோ பட்டு, அடுத்த குழந்தையின் கீறலில் படுவதே வழி. அதனால் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பதற வேண்டாம். நம் வீடுகளில் இது பரவும் இடங்கள் வேறு. வாஷ்பேசின் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கும் ஒரே துண்டு முதல் இடம். முந்தானையாலோ துப்பட்டாவாலோ ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே நுனியால் அடுத்த குழந்தையின் வாயைத் துடைப்பது இரண்டாவது. பாசத்தில், யோசிக்காமல் எல்லோரும் செய்வதுதான், உங்கள் வீட்டிலும் நடக்கும். அப்புறம் சாயங்காலம் முகம் கழுவி அனுப்பும்போது எல்லோருக்கும் போடும் ஒரே பவுடர் பஃப், ஒரே மை டப்பா, ஒரே சீப்பு. மதியம் தூங்கும் பாய், தலையணை உறை. என்னைக் கேட்டால், ஒரு குழந்தையை ஒரு வாரம் விலக்கி வைப்பதைவிட அந்தத் துண்டையும் பஃப்பையும் இன்றைக்கே எடுத்துப் போடுவதுதான் மற்ற ஆறு பேரையும் காப்பாற்றும். ஏனென்றால் நீங்கள் புண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவன் சில நாள் அங்கே விளையாடியிருப்பான்.

பொதுத் துண்டுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் வையுங்கள், அல்லது ஒவ்வொரு குழந்தையும் பெயர் எழுதிய சின்ன டவல் கொண்டுவரட்டும், அது தினமும் வீட்டுக்குப் போய்த் துவைத்து வரட்டும். பவுடர், மை இரண்டையும் டேகேரில் நிறுத்திவிடுங்கள், குழந்தைக்கு அவை தேவையே இல்லை. பாய்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். உறை, விரிப்பு, டவல் எல்லாவற்றையும் வெந்நீரில் துவைப்பது நல்லது. பிளாஸ்டிக் பொம்மைகளுக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். துணிப் பொம்மைகளைத் துவைத்து, புண்கள் ஆறும் வரை பரணில் வையுங்கள். அந்தப் பையன் பிசைந்த களிமண்ணைக் குப்பையில் போடுங்கள். டப்பில் தண்ணீர் நிரப்பி எல்லோரும் ஒன்றாக ஆடும் விளையாட்டு இரண்டு வாரம் வேண்டாம்.

கை கழுவுவதில் ஒரு சிக்கல். லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் பக்கெட்டுக்குள் எல்லாக் குழந்தைகளும் கையை முக்கி அலசுவது பல வீடுகளில் நடக்கிறது. அது கழுவுவதே ஆகாது. தண்ணீர் குறைவாக இருந்தாலும் சோப்புப் போட்டுத் தேய்த்த கையில் மேலிருந்து ஒரு குவளை ஊற்றினால் போதும். பெரியவர்கள் ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்ததும், டயபர் மாற்றியதும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். எல்லாக் குழந்தைகளின் நகத்தையும் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நகவெட்டியால் எல்லோருக்கும் வெட்டாதீர்கள்.

இனி அந்தப் பையன். அம்மா வந்து கூட்டிப்போகும் வரை அவன் உங்களிடம்தான் இருப்பான். தனி அறையில் பூட்டி வைக்க வேண்டாம், அவன் பயந்துவிடுவான். ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருந்து படம் வரையவோ கதை கேட்கவோ வைத்தால் போதும். பக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், வேப்பிலை விழுது, தேங்காய் எண்ணெய், டூத் பேஸ்ட் எதையும் தடவாதீர்கள். மருந்துக் கடையில் "சிரங்குக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்கியும் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அப்படிக் கேட்டால் பல நேரம் கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீம். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிவிடும், புண் ஆறுவது போலத் தெரியும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும். பிறகு மருத்துவர் பார்க்கும்போது நோயின் அடையாளமே மாறிப் போயிருக்கும்.

ஒன்றிரண்டு புண்கள்தான் என்றால் மருத்துவர் முபிரோசின் அல்லது ஃபுசிடிக் ஆசிட் போன்ற களிம்பு எழுதுவார். நிறைய இடங்களில் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ வாய்வழியாக ஆன்டிபயாடிக் சிரப். பக்கு விழுந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுக்கச் சொல்லுங்கள். டேகேர் நேரத்தில் ஒரு வேளை போட வேண்டியிருந்தால் மருந்துச் சீட்டின் படமும் அம்மாவின் எழுத்துபூர்வமான சம்மதமும் வாங்கிக்கொண்டு, அவன் பெயர் எழுதிய ட்யூபிலிருந்து மட்டும் போடுங்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

எப்போது திரும்ப வரலாம்? மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனதும், புண்ணை மூடி அனுப்ப முடிந்தால் வரலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கணக்கு. பிரிட்டனில் 48 மணி நேரம் என்பார்கள். உங்கள் இடத்தில் கைக்குழந்தையும் சர்க்கரை நோயாளியும் இருப்பதால், மூக்கடி மாதிரி மூட முடியாத இடத்துப் புண்ணுக்கு 48, காலிலோ கையிலோ காஸ் (புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணி) வைத்து மூடக்கூடிய புண்ணுக்கு 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேளை மருந்து திங்கள் மாலை 7 மணிக்கு என்றால், மூக்கடிப் புண் உள்ளவன் வியாழன் காலை வரலாம், முழங்கால் புண் உள்ளவள் புதன் காலை வரலாம். இப்படிக் கிழமையாகவே சொல்லுங்கள். "சரியானதும் கூட்டி வாங்க" என்றால் லீவுக்குத் தவிக்கும் அம்மாவுக்கு அது எத்தனை நாள் என்றே தெரியாது. புதன், வியாழன் என்று தெரிந்தால் அவரும் அப்பாவும் பாட்டியும் பகிர்ந்துகொள்ள வழி பிறக்கும். முழுக்க ஆறிய சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்காதீர்கள், மருந்துச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

அந்தப் பெண் குழந்தைக்கும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முழங்காலைச் சுத்தமான காஸால் மூடி டேப் ஒட்டுங்கள். மற்றக் குழந்தைகளைப் பத்து நாள் வரை தினமும் வாசலிலேயே முகம், கை, கால் பார்த்து உள்ளே விடுங்கள். தொற்று ஒட்டிய பிறகு புண்ணாகத் தெரிய அவ்வளவு நாள் ஆகலாம்.

கொப்புளம் என்றாலே இம்பெடிகோ இல்லை, அதையும் கவனியுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் கொப்புளமும் எச்சில் ஒழுகுவதும் சாப்பிட மறுப்பதும் இருந்தால் கை-கால்-வாய் நோய். அது வைரஸ், ஆன்டிபயாடிக் உதவாது. அதற்கு சானிட்டைசரை நம்பாமல் சோப்பையே பயன்படுத்துங்கள். உடம்பு முழுக்க நீர்க் கொப்புளம் என்றால் சின்னம்மையாக இருக்கலாம். எல்லாம் பக்கு கட்டும் வரை அந்தக் குழந்தை வரக் கூடாது, பெற்றோரில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். இரவில் அரிப்பு, விரல் இடுக்கில் பொரி என்றால் சொறி. அதற்கு வீட்டில் எல்லோருமே ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். வேர்க்குரு ஒட்டாது. பெயர் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஈரமாக இருக்கிறதா, மூட முடியுமா, குழந்தை சோர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெயர் கெடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. வீட்டு டேகேர் வாய்வழிப் பேச்சில்தான் வளர்கிறது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது குழந்தைக்கு வந்து, உங்களுக்கு முன்பே தெரியும் என்று பெற்றோருக்குப் பிறகு தெரிந்தால்தான் நம்பிக்கை உடையும். முதலில் அந்த இரண்டு அம்மாக்களிடமும் தனியாகப் போனில் பேசுங்கள். பிறகு வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதலாம்: "நம் டேகேரில் தோல் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம். தொடுவதால் பரவக்கூடியது, மருந்தில் சரியாகிவிடும். உங்கள் குழந்தைக்குக் கொப்புளமோ மஞ்சள் பக்கோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். துண்டு, பாய், பொம்மை எல்லாம் சுத்தம் செய்துவிட்டோம்." குழந்தையின் பெயர் வேண்டாம், படம் கண்டிப்பாக வேண்டாம். யாராவது தனியாகக் கேட்டாலும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவர்கள் குழந்தைக்கு வந்தாலும் இப்படித்தான் காப்பீர்கள் என்று அவர்களுக்கே புரியும்.

மாமியார் இந்தச் சில நாள் புண் உள்ள குழந்தைகளின் முகத்தைத் துடைக்கவோ மருந்து போடவோ வேண்டாம், அதை நீங்கள் செய்யுங்கள். சோறு ஊட்டலாம், கையால் ஊட்டாமல் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளட்டும். அவர் கையில் வெட்டுக்காயம், காலில் பித்தவெடிப்பு இருந்தால் மூடி வைக்கச் சொல்லுங்கள். புதிதாகப் புண் வந்தால் ஒரு நாள்கூடப் பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சின்னப் புண்ணும் வேகமாக ஆழமாகப் போகும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தழும்பு இல்லாமல் ஆறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாக இருந்தால் மட்டும், அரிதாக, புண் வந்து மூன்று வாரம் போல ஆன பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், டீ டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர், சிறுநீர் குறைதல் இவற்றை ஒரு மாதம் கவனிக்கும்படி இரண்டு வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். காய்ச்சலோடு புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், கண் அருகே வீங்கினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொட்டாலே குழந்தை வீரிட்டு அழுது, தோல் ஈரத் தாள் போல உரிந்தால் ஆயின்மென்ட்டோடு காத்திருக்கக் கூடாது. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இரவிலும் பார்க்கும். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.