பழைய புறநகர் ரயில் பெட்டிகள் ஏன் இவ்வளவு அவலட்சணமாக, வெளியே தகரக் கொட்டகை மாதிரி, உள்ளே அழுக்காக இருக்கின்றன? உள்ளே வெளியே எல்லாவற்றையும் மாற்றினால் என்ன?

நீங்கள் ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏறுபவர் என்று நினைக்கிறேன். உட்கார இடம் கிடைத்து, சுற்றிலும் பார்க்க நேரம் இருப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நடுவில் ஏறுபவருக்கு ஒரே கவலை, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான்.

நான் நடுவில் ஏறுபவள். பத்தொன்பது வருடம். உயரம் 4 அடி 10 அங்குலம். (ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு ஊரைப் பற்றிப் போய்விடும்.)

முதலில் வெளித்தோற்றம். நீங்கள் ‘தகரக் கொட்டகை மாதிரி’ என்று எழுதியிருக்கும் அந்த வரிவரியான நெளிவுகளுக்குக் காரணம் இருக்கிறது. பெட்டியின் வெளிச்சுவருக்குப் போடும் எவர்சில்வர் தகடு மெல்லியது. உள்சட்டத்தோடு பற்றவைத்தால் சூட்டில் அங்கங்கே லேசாக அலையடிக்கும். சமதளமாக விட்டால் வெயில் படும்போது அந்த அலை அப்படியே தெரியும். வரிகள் அதை மறைக்கும், தகட்டுக்கு விறைப்பும் கொடுக்கும். நியூயார்க் சுரங்க ரயிலில் ஆர்32 என்ற 600 பெட்டிகள் இப்படித்தான் வந்தன. 1964-ல் ஓடத் தொடங்கியபோது அவற்றின் மினுமினுப்பைப் பார்த்து ‘பிரைட்லைனர்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசிப் பெட்டிகள் ஓய்வு பெற்றது 2022 ஜனவரியில். உங்கள் கண்ணுக்குக் கொட்டகையாகத் தெரிவது ஒரு காலத்தில் ஊரே வேடிக்கை பார்த்த புதுசு.

எவர்சில்வர் வந்ததில் போனது நிறம். டோக்கியோவில் 1960களின் 103 வரிசை ரயில்களில் தடத்துக்கு ஒரு நிறம். பெட்டி முழுக்க ஆரஞ்சு, இல்லை முழுக்க இளம்பச்சை. 1985-ல் 205 வரிசை எவர்சில்வரில் வந்ததும் பெயிண்ட் அடிக்கும் வேலை மிச்சம், நிறம் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. பெர்லின்காரர்கள் மட்டும் விடவில்லை. 1980களில் சோதனைக்கு வந்த புது வண்டிகளில் சிலவற்றுக்கு நீலம் அடித்துப் பார்த்தார்கள், அப்போது பிரிந்திருந்த ஊரின் கிழக்குப் பக்கம் சிவப்பில் வந்ததை ஜனங்கள் ‘கோலா டப்பா’ என்றார்கள். கடைசியில் எல்லாம் பழைய சிவப்பு மஞ்சளுக்கே திரும்பின.

சரி, உள்ளே வருவோம். எனக்குச் சொல்ல வேண்டியது அங்கேதான்.

நாங்கள் போகும் பழைய ரயிலில் கதவைத் தாண்டியதும் நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி உண்டு. பச்சைப் பெயிண்ட். கை படும் உயரத்தில் பச்சை தேய்ந்து, அடியில் வெளிர் மஞ்சள், அதற்கும் அடியில் செங்காவி, நட்ட நடுவில் வெறும் இரும்பு, கண்ணாடி மாதிரி வழவழவென்று. அந்த வழவழப்பு முடியும் கீழ் விளிம்பு மற்றவர்கள் பிடிக்கும் இடத்தைவிட ஒரு சாண் தாழ்வு. அது என் கை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் போல குள்ளமானவர்கள் இன்னும் நூறு பேர் இருப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும்.

மூன்று வருடம் முன்பு அந்தப் பெட்டிகளைப் ‘புதுப்பித்தார்கள்’. வெள்ளைச் சுவர், சாம்பல் இருக்கை, நீள விளக்கு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. கதவருகே இருந்த கம்பி போய்விட்டது. தொங்கும் கைப்பிடிகள் இருந்தன, எனக்கு எட்டாத உயரத்தில். முதல் நாள் காலை அரைத் தூக்கத்தில் ஏறி, பழக்கத்தில் கையை நீட்டினேன். கம்பி இல்லை. ரயில் பிரேக் போட்டது. உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மடியில் குடையோடு சேர்ந்து விழுந்தேன். அவர் “பரவாயில்லம்மா, உக்காரு” என்று சொன்னாரே, அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

நிர்வாகத்துக்கு எழுதினேன். ‘விசாலமான தோற்றம் பயணிகளின் வரவேற்பைப் பெற்றுள்ளது’ என்று பதில் வந்தது. அந்தக் கருத்துக் கணிப்பு எனக்கும் மொபைலில் வந்ததுதான். இரண்டு படம் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு படத்திலும் பெட்டியில் ஒரு ஆள் இல்லை! காலி ரயிலில் யாருக்குக் கம்பி வேண்டும்?

உடனே ஒருவர் வந்து, கதவருகே கம்பி இருந்தால் ஏறி இறங்கத் தாமதமாகும், சக்கர நாற்காலிக்கு வழி இருக்காது என்பார். உண்மை. கம்பியைத் தள்ளி வையுங்கள், தாழ்வாகவும் சில கைப்பிடி தொங்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஜப்பானில் பல ரயில்களில் இரண்டு உயரங்களில் தொங்குகின்றன. பிரிட்டனில் கைப்பிடி சுற்றியுள்ள நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும் என்று 1998-லேயே விதி போட்டார்கள், பார்வை மங்கியவர்களுக்காக. எங்கள் புதுப் பெட்டியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கைப்பிடி.

அழுக்கு என்கிறீர்களே, லண்டன் சுரங்க ரயில் இருக்கைத் துணியைப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பொடிப்பொடியான கோலம். கறை தெரியாமலிருக்கவும்தான் அப்படி. சாம்பல் ஒரே நிறத்தில் போட்டவர்களுக்கு ஆறே மாதத்தில் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு வரைபடம் கிடைத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலும் இதே கதை. பதினோரு வருடம் என் மேசை, என் இழுப்பறை. ‘திறந்த அமைப்பு’ என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வருகிற வரிசையில் உட்காரச் சொன்னார்கள். சுவரோரம் ஆளுக்கொரு பெட்டகம். எனக்கு ஒதுக்கியது மேல் வரிசை! ஸ்டூல் கேட்டேன், பாதுகாப்பு விதிப்படி கூடாதாம். என் செருப்பு இன்றைக்கும் பக்கத்துப் பெண்ணின் பெட்டகத்தில்தான் இருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. கோடையில் அடுப்பு, மழையில் ஒழுகும், சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இன்னும் புதுப்பிக்காத ஒரு ரயில் மாலையில் ஓடுகிறது. அதற்காகச் சில நாள் ஒரு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பேன். அன்றைக்கு மட்டும் புது ரயிலில் உட்கார இடம் தெரிந்தால், அதில் ஏறிவிடுவேன்.