வாசலில் கிடக்கும் செருப்பு

கேள்வி: ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகன், சென்ற மே மாத விடுமுறையில், கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போய் மூழ்கி இறந்துவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. இனி எந்தத் தாய்க்கும் இந்த நிலை வரக்கூடாது. அவன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, பிள்ளைகளுக்கு இலவசமாக நீச்சல் கற்றுத்தர நினைக்கிறேன். நகைகளை விற்கவும் தயார். உறவினர்கள், ‘உனக்கு எதற்கு இந்த வேலை?’ என்கிறார்கள். அவனோடு போன எதிர்வீட்டுப் பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது பள்ளிக்கூடம்கூடப் போவதில்லையாம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று என் மகனின் செருப்பை எங்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அது அப்படியே கிடக்கிறது. நான் அறக்கட்டளை தொடங்கலாமா?
- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் அந்தப் பையனைப் பற்றி இருப்பது ஐந்தே வரி. நான் அந்த ஐந்து வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஊரே குவாரிப் பள்ளத்தின் கரையில் நின்று கதறியபோது, உங்கள் மகன் கழற்றிவிட்ட செருப்பை நினைத்து எடுத்து வந்தவன் அவன். பதினாறு நாள் அதைத் தன் வீட்டில் எங்கே வைத்திருந்தான்? கட்டிலுக்கு அடியிலா, புத்தகப் பைக்குள்ளா? எத்தனை முறை உங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருப்பான்? நண்பனின் பொருளை அவன் வீட்டில் சேர்க்கவேண்டும் என்று நினைத்த பிள்ளையை, ‘ஓடிவிட்டான்’ என்று எழுதுகிறீர்கள். ‘பிழைத்தான்’ என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. ‘பிழைத்துக்கொண்டான்’ என்று எழுதுகிறீர்கள். அந்தக் ‘கொண்டான்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் காதிலும் அது விழாமல் இருக்காது. அதனால்தான் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள் கிடக்கிறான்.

அன்று அவன் குதித்திருந்தால் உங்கள் தெருவில் இரண்டு பாடை கிளம்பியிருக்கும். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்பது சினிமா காட்டிய பொய். மூச்சுக்கே திணறுகிறவரால் கத்த முடியாது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். காப்பாற்ற வருகிறவரையும் இறுகப் பற்றிக் கீழே இழுத்துவிடுவார். குவாரிப் பள்ளம் குளத்தைப் போலச் சரிவாக இறங்குவதும் இல்லை. ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் ஆழம். பெரியவர்களே செத்துப்போகும் இடத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்க முடியும்?

என் பெரியம்மா மகன் கிணற்றில் விழுந்து இறந்தான். கூட விளையாடிய பையனைப் பெரியம்மா சாகும்வரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் இறந்தபோது அவனுக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டோடு தெருமுனைவரை வந்தான். அங்கேயே வெகுநேரம் நின்றான். உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டான். பெரியம்மா நல்லவள். ஆனால் இந்த ஒன்றை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அறக்கட்டளைக்கு வருகிறேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் படிக்கும்போது கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். 1975-ல் அங்கே நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1981-ல் தன் சொந்த ஊரிலேயே, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகச் சிறிய அளவில் பணியைத் தொடங்கினார். சங்கத்துக்குத் தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ வந்தது. விருது வரட்டும், வராமல் போகட்டும். தன் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அவர் தொடங்கினார் என்பதைப் பாருங்கள். நீங்களோ எதிர்வீட்டைத் தாண்டி ஊருக்கு உபகாரம் செய்யக் கிளம்புகிறீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளையாக நினைக்காத குடும்பத்தைக் குடும்பம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் எண்ணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் நாட்டில் ஆண்டுக்கு 30,000 பேருக்கும் மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். செய்யவேண்டிய வேலைதான். ஆனால் நகையைத் தொடாதீர்கள். முதல் வேலைக்குக் காசே வேண்டாம். அந்தப் பள்ளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லிக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். தண்ணீரில் இறங்காமல் கயிறோ வேட்டியோ காலிப் பிளாஸ்டிக் குடமோ வீசிக் காப்பாற்றுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நிமிடங்களை வீணாக்காமல், 108-ஐ அழைத்துவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து மார்பை அழுத்தவேண்டும் என்பது பெரியவர்களுக்கே தெரியாது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து ஊருக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் பிறகு. இன்று சாயங்காலம் அந்தச் செருப்பைத் துடைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் எங்குமே எழுதாத அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவனாகச் சொல்லும் நாளில் கேட்டுக்கொள்ளலாம். ‘செருப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாயே’ என்று மட்டும் சொல்லுங்கள். அழுகை வந்தால் அவன் எதிரிலேயே அழுங்கள். நாளைக் காலையில் நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். அவன் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எனக்கு எழுதுங்கள். நீச்சல் வகுப்பைப் பற்றி அப்போது பேசுவோம்.