கோச்சாரி ஆட்டம்: கேள்வி பதில்

கேள்வி: ஆர்மேனியர்களின் கோச்சாரிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

துருக்கிய மொழிகளில் 'கோச்' என்றால் செம்மறிக் கடா. அதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். வரிசையாக நின்று ஆடும் குழு ஆட்டம் இது. ஆடும்போது அந்த வரிசை கடா முட்ட வருவது போல முன்னே பாய்ந்து பின்வாங்கும்.

கேள்வி: என்ன வாத்தியம்?

சுர்னாவும் டோல் மேளமும். சுர்னா நம் நாகசுரத்துக்கு உறவு, அதற்கும் சீவாளிதான். ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் ஒத்து ஊதுவது போல ஒரே சுரத்தைப் பிடித்திருப்பார். அதை 'தம்' என்பார்கள்.

கேள்வி: ஊருக்கு ஊர் மாறுமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மூஷ், சாசூன், வான், காரின் என்ற பழைய ஆர்மேனிய ஊர்கள் இன்று துருக்கியின் கிழக்கே இருக்கின்றன. காரின்தான் இன்றைய எர்சுரும். 1915 ஆர்மேனிய இனப்படுகொலையில் தப்பியவர்கள் இன்றைய ஆர்மேனியாவின் தாலின் போன்ற இடங்களில் குடியேறியபோது தங்கள் ஊர் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். சுண்டுவிரல் கோப்பது, உள்ளங்கை பிடிப்பது, தோளில் கை போடுவது என்று பிடிப்பு மாறும். குதிப்பும் வேகமும் மாறும். சாசூனின் யார்குஷ்தாவைக் கோச்சாரி என்று சொல்லிவிடாதீர்கள். அது இரண்டு வரிசை எதிரெதிரே வந்து உள்ளங்கையில் அறைந்துகொள்ளும் போர் ஆட்டம்.

கேள்வி: காணொளி பார்த்துப் பழகலாமா?

பழகலாம், மேடைக் குழுக்களின் காணொளி மட்டும் வேண்டாம். அங்கே பார்வையாளருக்காகத் துள்ளலைப் பெரிதாக்கியிருப்பார்கள். ஊரில் ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர்தான் ஆடுகிறார்கள்.

கேள்வி: இது அஜர்பைஜானுடையது இல்லையா?

ஆர்மேனியாவின் கோச்சாரியை யுனெஸ்கோ 2017-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் அஜர்பைஜானின் நக்சிவான் பகுதி 'யல்லி' ஆட்டங்களைச் சேர்த்தபோது அதிலும் கோச்சாரி என்ற பெயர் இருந்தது. கருங்கடல் கரையிலிருந்து வந்த பொந்திக் கிரேக்கர்களிடம் 'கோத்சாரி' உண்டு. குர்துகளும் அசீரியர்களும் ஆடுகிறார்கள். பக்கத்து பக்கத்து ஊர்களில் நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள் ஒரே தாளத்துக்கு ஆடியதில் என்ன வியப்பு?

கேள்வி: அப்படியானால் ஆர்மேனியர்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

எதற்கு? 1945 மே மாதம் பெர்லினில் சோவியத் படையின் 89-ஆவது படைப்பிரிவின் ஆர்மேனிய வீரர்கள் வெற்றியைக் கொண்டாட ஆடியது இதைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஆடினால் அது குறைந்துவிடாது.

கேள்வி: எது அசல்?

மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அசல் என்று ஒன்றே ஒன்று கிடையாது.

கேள்வி: பெண்கள் ஆடலாமா?

தாராளமாக. ஆர்மேனியத் தலைநகர் யெரெவான் போனால் காஸ்கேட் படிக்கட்டுப் பக்கம் விசாரியுங்கள். காரின் என்ற குழுவினர் திறந்தவெளியில் யாருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். வரிசையின் நடுவில் நில்லுங்கள், இரண்டு பக்கத்துத் தோள்களும் அடியைக் காட்டிக்கொடுக்கும்.