இன்னொரு கேட் திறந்தால் போதாதா?

அன்புள்ள ஐயா,

வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று சூத்திரம் போட்டுச் சொல்லும் வரிசைக் கணக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ராணிப்பேட்டையில் டிரெய்லர் வைத்து, தோல் ஏற்றுமதி லோடு சென்னைத் துறைமுகத்துக்கு ஓட்டுகிறேன். கேட்டில் மணிக்கணக்கில் நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது. இதற்குச் சூத்திரம் எதற்கு? இன்னொரு கேட் திறந்தால் தீராதா? வண்டிக்கு வண்டி நேரம் குறித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். தூரத்திலிருந்து வரும் எங்களுக்கு அது ஒத்துவருமா?

— ராணிப்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே ஒரு கேட் என்று வைத்துக்கொள்வோம். காகிதம் பார்த்து, சீல் பார்த்து ஒரு வண்டியை உள்ளே விடச் சராசரியாக 2 நிமிடம். அப்படியானால் மணிக்கு 30 வண்டி போகலாம். மணிக்கு 24 வண்டி வந்தால், வரிசையில் சேர்ந்து கேட்டைத் தாண்ட ஒரு வண்டிக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகும். 27 வந்தால் 20 நிமிடம். 29 வந்தால்? ஒரு மணி நேரம். இரண்டே வண்டிதான் கூடியது, நேரம் மூன்று மடங்காகிவிட்டது. காரணம், வண்டிகள் சீராக வருவதில்லை. ஒன்றுக்கு அரை நிமிடத்தில் முடிகிற வேலை இன்னொன்றுக்கு ஐந்து நிமிடம் இழுக்கும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த கணக்கு இது.

ஆனால் துறைமுகத்துக்கு இது மட்டும் போதாது. நாள் முழுக்க ஒரே வேகத்தில் வண்டி வரும் என்று இந்தச் சூத்திரம் நம்புகிறது. நீங்களோ கப்பலின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது சரக்கை உள்ளே சேர்க்க வேண்டிய கடைசி நேரத்தைப் பார்த்துத்தானே கிளம்புகிறீர்கள்? ஆம்பூர், வாணியம்பாடி வண்டிகளும் அதே நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன. மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 40 வண்டி வந்தால் 30 வண்டி தேங்கிவிடும். பிறகு வரவு 20ஆகக் குறைந்தாலும், தேங்கியது மணிக்குப் பத்துப் பத்தாகத்தான் கரையும். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம். அன்றைய மொத்த வண்டிகளை 24 மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கிறவருக்கு கேட் சும்மா கிடப்பதாகத் தோன்றும். அதனால்தான் கேட் வரிசையை ஆராய்கிறவர்கள் வரவை மணிக்கு மணி பிரித்து, தொட்டியில் தண்ணீர் ஏறி இறங்குவதுபோலக் கணக்கிடுகிறார்கள்.

கேட்டைக் கூட்டுவதற்கு வருகிறேன். தாமதம் காகிதத்தில் இருந்தால் இன்னொரு கேட் நிச்சயம் உதவும். உள்ளே யார்டில் கன்டெய்னர் பெட்டியை இறக்கும் கிரேன் மெதுவாக ஓடினால், வெளியே நின்ற வண்டி உள்ளே போய் நிற்கும், அவ்வளவுதான். ஆம்பூரில் டோக்கன் கொடுக்க இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்தால் பிரியாணி அண்டா சீக்கிரம் வெந்துவிடுமா என்ன?

நேரம் குறிப்பதற்கு கலிஃபோர்னியா பழைய உதாரணம். 2002இல் அங்கே சட்டம் போட்டார்கள்: கேட்டில் லாரி எஞ்சின் ஓடியபடி 30 நிமிடத்துக்கு மேல் நின்றால், பெட்டிகளைக் கையாளும் டெர்மினலுக்கு 250 டாலர் அபராதம், முன்பதிவு முறை வைத்திருந்தால் விலக்கு. பல டெர்மினல்கள் முன்பதிவைத் தொடங்கின. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் அதனால் வரிசை குறைந்ததாகத் தெரியவில்லை என்றே பிறகு வந்த ஆய்வு சொன்னது. 2005இல் பகல் நேரத்தில் கேட்டைத் தாண்டும் பெட்டிகளுக்குக் கட்டணம் வைத்தார்கள். கட்டணம் முடியும் மாலை 6 மணிக்காக லாரிகள் முன்கூட்டியே வந்து வெளியே காத்துக் கிடந்தன. ஓட்டுநர்கள் முட்டாள்கள் இல்லையே!

உங்களுக்கு ஒத்துவருமா என்றால், ஒரு மணி நேர ஸ்லாட் ஒத்துவராது என்பதே என் கருத்து. ஃபேக்டரியில் ஸ்டஃபிங் (பெட்டிக்குள் சரக்கு அடுக்குவது) தாமதமாகும், ஸ்ரீபெரும்புதூரில் நெரிசல், நகருக்குள் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு வேறு. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறவர் ஸ்லாட்டைத் தவறவிடாமலிருக்க இரண்டு மணி நேரம் முன்பே போய் ரோட்டோரம் நிற்பார். அந்த இரண்டு மணி நேரம் கேட் கணக்கில் வராது. வரிசை குறைந்ததாக அறிக்கை எழுதிவிடுவார்கள். வண்டி வண்டியாகக் குறிக்காமல், கப்பல் கப்பலாகப் பிரித்து, ஒவ்வொரு கப்பலின் ஏற்றுமதிப் பெட்டிகளுக்கும் அகலமான நேரம் ஒதுக்கும் யோசனையும் ஆய்வுகளில் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தும்.

உங்கள் சங்கத்தைக் கருத்துக் கேட்க அழைத்தால் வெறும் மனு கொண்டுபோகாதீர்கள். ஸ்டஃபிங் முடிந்த நேரம், ரோட்டோரம் போய் நின்ற நேரம், கேட்டுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு டிரிப்புக்கும் டிரைவரை எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டாவது நேரத்தை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதிவைப்பதில்லை.