களை சொட்டும் கீரை

கேள்வி: என் தோட்டத்தில் களையாக மண்டிக் கிடக்கும் பருப்புக்கீரையில் மருத்துவக் குணம் நிறைய என்கிறார்களே, எந்தெந்த நோய்க்கு எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

பதில்: நோய்க்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் 'களை'. முகத்தில் இருந்தால் களை சொட்டுகிறது என்று மகிழ்கிறோம். மண்ணில் இருந்தால் பிடுங்கி எறிகிறோம். 'களைகட்டுதல்' என்றால் பழந்தமிழில் களை பறிப்பது. இன்றைக்குக் கொண்டாட்டம் சூடு பிடிப்பது. ஒரு சொல்லிடம் இத்தனை அன்பும் இத்தனை பகையும் காட்டிய மொழி, அந்தச் செடியை மட்டும் ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது?

களை என்று ஒரு தாவரக் குடும்பம் கிடையாது. நமக்கு வேண்டாத இடத்தில் முளைத்தது களை, அவ்வளவுதான். தக்காளிப் பாத்தியில் நெல் முளைத்தால் நெல்லும் களைதான். இதற்காகக் களைக்கொல்லி அன்பர்களோடு இந்தப் பக்கத்தில் பல முறை சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடுவேன்.

பருப்புக்கீரையைப் பிடுங்கிப் போட்டாலும் சுலபத்தில் சாகாது. ஈரம் கிடைத்தால் தண்டுத் துண்டிலிருந்தே வேர் விடும். கரும்பும் சோளமும் கடும் வெயிலில் வேகமாக வளர ஒரு வழி வைத்திருக்கின்றன. கள்ளிச்செடி வறட்சியைத் தாங்க வேறொரு வழி வைத்திருக்கிறது: இலைத்துளைகளை இரவில் திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் செலவழிக்கும். வறட்சி வந்தால் பருப்புக்கீரை இரண்டையும் கையாள்கிறது. இரண்டு வழியும் ஒரே செல்லுக்குள் இணைந்து நடக்கின்றன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். காய்ந்த நாளில் விடியற்காலையில் பறித்த இலை கூடுதலாகப் புளிப்பதும், மாலையில் அந்தப் புளிப்பு குறைவதும் இதனால்தான். இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் செடியை மிதிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, சத்து. பச்சை இலையில் 93 விழுக்காடு தண்ணீர். மிச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. 100 கிராம் இலையில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு 300 முதல் 400 மில்லிகிராம் வரை உண்டு. கீரைகளில் இது அபூர்வமான அளவு. ஆணுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராமும் பெண்ணுக்கு 1.1 கிராமும் போதும் என்பதால், ஏறத்தாழக் கால்பங்கு இதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் மீனுக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனில் உள்ள ஒமேகா-3 வேறு வகை. கீரையிலுள்ள கொழுப்பில் கொஞ்சத்தைத்தான் நம் உடம்பு மீனில் உள்ள வகையாக மாற்றும். பொட்டாசியம், மக்னீசியம், வைட்டமின் சி, வைட்டமின் ஈ எல்லாமும் நல்ல அளவில் இருக்கின்றன.

இனி உங்கள் "எந்தெந்த நோய்க்கு". இந்தக் கேள்விதான் என்னைக் கோபப்படுத்துகிறது. எந்தக் கீரையையும் கீரையாகச் சாப்பிட நமக்கு மனம் வருவதில்லை. அதற்கு ஒரு நோயைக் கட்டிவிட வேண்டியிருக்கிறது. இரத்தச் சர்க்கரை, கொழுப்பு பற்றி இந்தச் செடியை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றை நம்பி ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. எத்தனை நாள் என்றால், பிடிக்கிற நாளெல்லாம், மற்ற கீரைகளோடு மாற்றி மாற்றி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் இதில் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்களும் மருந்தென்று நினைத்து தினம் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். தயிரோடு சேர்த்தால், தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

களைக்கொல்லி தெளித்த மண்ணில் பறிக்காதீர்கள். பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையின் தண்டு வழவழவென்று சதைப்பற்றாக இருக்கும், ஒடித்த இடத்தில் தெளிந்த நீர்தான் கசியும். வெள்ளைப் பால் வந்தால் அது தரையோடு படரும் வேறு செடி. அதை வாயில் வைக்காதீர்கள், அந்தக் கையால் கண்ணையும் தொடாதீர்கள்.