முன்கூட்டியே செய்து வைக்கும் முட்டை பைட்ஸ் மறுநாளே தண்ணீர் விட்டு ரப்பராகிறதே, என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை முட்டை, சீஸ், கீரை, காளான் எல்லாம் போட்டு மஃபின் தட்டில் வாரத்துக்கான பைட்ஸ் செய்து வைப்பதாகவும், செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்பதாகவும், கடித்தால் ரப்பராகவும் சூடாக்கினால் வாடையாகவும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கார்ப் (மாவுச்சத்து) குறைவாக, புரதம் அதிகமாக வேண்டும், ஆனால் இதை அன்றன்றைக்குச் செய்தால்தான் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், "காலையில் பத்து நிமிஷம் சீக்கிரம் எழுந்தால் தீர்ந்தது, இதற்கு எதற்கு ஃப்ரிட்ஜ்" என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முன்கூட்டியே செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். நான் வருஷக்கணக்காக இதைத்தான் செய்து வருகிறேன், நாலாம் நாள் எடுத்தாலும் மெத்தென்று இருக்கும். நீங்கள் போடும் பொருள்களில் குறை எதுவும் தெரியவில்லை. கோளாறு காய்கறியில் இருக்கும் தண்ணீரிலும் அவன் (oven) அடுப்பின் சூட்டிலும்தான் இருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். வேலை ஷிஃப்டில். காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே வேலையிடத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து வெங்காயம் நறுக்கி முட்டை அடித்து ஊற்றுவது என்பது, சொல்பவருக்கு எளிது. பசியோடு போனால் முதல் இடைவேளையில் கிடைப்பது பன், பிஸ்கட், சர்க்கரை போட்ட காபி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் 180க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். பன் சாப்பிட்ட நாளெல்லாம் மீட்டர் அதைத் தாண்டித்தான் நிற்கும். மூன்று பைட்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போன நாளில் சாப்பாட்டுக்கு முன் பார்த்ததற்கும் பின் பார்த்ததற்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. சாப்பிட்டதும் சர்க்கரையை ஏற்றுவதில் மாவுச்சத்துக்குத்தான் முதல் இடம். புரதமும் கொழுப்பும் அவ்வளவு வேகமாக ஏற்றுவதில்லை, வயிறும் மதியம் வரை தாங்குகிறது. அதனால் எனக்கு இது நாக்கு ருசிக்கான விஷயமோ ஜிம் விஷயமோ இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில் அடுத்த வாரத்து ஷிஃப்ட் பட்டியலை முந்தின நாள் சாயங்காலம்தான் ஒட்டுகிறார்கள். சில சமயம் ஒட்டிய பிறகும் மாற்றுகிறார்கள். எப்போது தூங்குவது, எப்போது மாத்திரை போடுவது, எப்போது சாப்பிடுவது என்று எதையும் திட்டமிட முடியாது. சர்க்கரை நோயாளி நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதும் அதே நிர்வாகம்தான். ஒரு வாரம் முன்னால் பட்டியல் கொடுக்க யாருக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவாகாது. கேட்டால், "எல்லாருக்கும்தானே இப்படி" என்கிறார்கள். எல்லாருக்கும் இப்படி இருப்பதுதான் பிரச்சினை. சரி, இது உங்கள் கேள்வி இல்லை. ஆனால் "சீக்கிரம் எழுந்திரு" என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டியாக ஆரம்பிக்கிறது, மஞ்சள் கரு 65லிருந்து 70க்குள். இரண்டையும் அடித்துப் பால் பொருள் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் மேலே போய்த்தான் இறுகும். அந்தக் கட்டத்தில் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னி, தண்ணீரைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மெத்தென்று இருப்பது அதனால்தான். அதற்கு மேலும் சூடு கொடுத்தால் இழைகள் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல. நீங்கள் டப்பாவின் அடியில் பார்க்கும் தண்ணீரில் பாதி அதுதான். ரப்பர் பதமும் அதனால்தான். 200 டிகிரி அவனில் மெல்லிய உலோகத் தட்டில் ஊற்றி வைத்தால் நடு வேகுவதற்குள் ஓரம் முற்றிவிடும். பந்து மாதிரி உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிச் சுருங்குகிறதா? அப்படியென்றால் சூடு அதிகம், சந்தேகமே வேண்டாம்.

நான் செய்வது இப்படி. எட்டுப் பெரிய முட்டை, 200 கிராம் காட்டேஜ் சீஸ் (பன்னீர் மாதிரி உதிரியாக இருக்கும் மென்மையான சீஸ்), துருவிய முதிர்ந்த செடார் சீஸ் 60 கிராம், ஒரு டீஸ்பூன் கார்ன் ஃப்ளார், உப்பு, மிளகு, தண்ணீர் போக்கிய காய்கறி (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). காய்கறி தவிர எல்லாவற்றையும் மிக்ஸியில் காட்டேஜ் சீஸின் கட்டி மறையும் வரை மட்டும் அடித்து, கால் மணி நேரம் அப்படியே வைத்துவிடுவேன். மேலே நிற்கும் நுரை அடங்க வேண்டும். நுரையோடு ஊற்றினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வரும். அப்புறம் பன்னிரண்டு குழி சிலிகான் அச்சில் முக்கால் அளவு ஊற்றி, அச்சை ஓர் ஆழமான தட்டில் வைத்து, அச்சின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 150 டிகிரி அவனில் வைப்பேன். சுற்றியிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஓரம் முற்றாது. அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும், உங்கள் அவன் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். தட்டை ஆட்டினால் ஓரம் அசையாமல் நடு மட்டும் லேசாகத் தளும்ப வேண்டும். அந்த நிலையில் வெளியே எடுத்துவிடுங்கள், மிச்சத்தை உள்சூடே வேகவைத்துவிடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். முட்டைப் பண்டங்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் அளவு 71 டிகிரி, நான் 75ல் எடுப்பேன். அவன் இல்லாதவர்கள் மூடியைத் துணியால் சுற்றி, சிறு தீயில் ஆவியில் வைக்கலாம். துணி இல்லாவிட்டால் மூடியில் முத்தாகும் நீர் பைட்ஸ் மேலேயே சொட்டும்.

கார்ன் ஃப்ளாரைப் பார்த்ததும், "கார்ப் குறைவு என்றீர்களே?" என்று யாராவது வருவார்கள், தெரியும். ஒரு டீஸ்பூனில் இருப்பது இரண்டரை கிராம் கார்ப். பன்னிரண்டில் பிரித்தால் ஒன்றுக்குக் கால் கிராம்கூட வராது. அந்த மாவு புரத இழைகளுக்கு நடுவில் புகுந்து அவை அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கிறது, தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. முன்கூட்டியே செய்பவர்களுக்கு இது மிகவும் உதவும். மொத்தக் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: பெரிய முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், காட்டேஜ் சீஸ் 100 கிராமுக்கு 11, செடார் 60 கிராமில் 15 வாக்கில். கூட்டிப் பிரித்தால் ஒரு பைட்டுக்கு 7 கிராம் புரதம், ஒன்றரை கிராம் அளவில் கார்ப். மூன்று சாப்பிட்டால் 21 கிராம் புரதம். வெள்ளைக்கருவை மட்டும் போட்டால் புரதம் இன்னும் ஏறும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அதிலுள்ள கொழுப்புதான் பைட்டை மெத்தென்று வைக்கிறது. அதை எடுத்துவிட்டு ரப்பர் என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

தண்ணீரின் மறு பாதி காய்கறியிலிருந்து வருகிறது. காளான், கீரை, குடைமிளகாய் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தக்காளியிலும் சுகினியிலும் அதைவிட அதிகம். பச்சையாகப் போட்டால் அத்தனையும் முட்டைக்குள்தான் இறங்கும். காளானை எண்ணெய் விடாமல் அகலமான வாணலியில் போடுங்கள். முதலில் சத்தமில்லாமல் இருக்கும், பிறகு தானாகத் தண்ணீர் விட்டு அதிலேயே கொதிக்கும். அந்தக் கொதிப்பு அடங்கி, சொர சொர என்று வறுபடும் சத்தம் வரும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருக்கும், பழுப்பு ஏறியிருக்கும், ருசியும் அப்போதுதான் வரும். கீரையை வதக்கி ஆறவிட்டு ஒரு பழைய பருத்தித் துணியில் கட்டி முறுக்குங்கள். முதல் முறுக்கில் பச்சைத் தண்ணீர் கொட்டும். போதும் என்று தோன்றும்போது இன்னொரு முறை முறுக்குங்கள், மறுபடியும் வரும். துணியைப் பிரித்தால் கீரை உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் உதிர்த்துத்தான் போட வேண்டும். பன்னிரண்டு பைட்டுக்கு இப்படி வதக்கிப் பிழிந்தது ஒரு கப்புக்குக் குறைவாகவே போதும்.

என் அக்கா ஒரு முறை வந்து தங்கியிருந்தாள். ஃப்ரிட்ஜில் டப்பாவைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, முட்டையைப் போய் மூணு நாள் வச்சுச் சாப்பிடறே? நாறாதா?" என்றாள். சூடாக்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள், பிட்டாள், உள்ளே பார்த்தாள். "காலையில செஞ்சியா?" என்றாள். இல்லை, நேற்று முன்தினம் என்றேன். இன்னொன்று எடுத்துக்கொண்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் சாதாரணமில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் நல்ல கை என்று பெயர் வாங்கியவள் அவள்தான். ஊருக்குப் போன பிறகு போனில் என்னிடம் செய்முறை கேட்டாள். வாடைக்குக் காரணமும் அவளிடம் சொன்னேன்: முட்டை வெள்ளைக்கருவில் கந்தகம் சேர்ந்த புரதங்கள் இருக்கின்றன. அதிக நேரம் அதிக சூட்டில் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அவித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் வருகிறதே, அது அந்த வாயு மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்ததால் வருவது. ஆக, நாற்றம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் வைத்ததால் வருவதில்லை. வேகவைக்கும்போதும் திரும்பச் சூடாக்கும்போதும் முற்றவிடுவதால் வருகிறது.

வெந்த பிறகு செய்யும் வேலையும் முக்கியம். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் படிந்து மறுபடி உள்ளே சொட்டும். ஐந்து நிமிஷம் அச்சிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவிடுங்கள். அதற்காக மறந்துபோய் மதியம் வரை வைக்கவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 5லிருந்து 60 டிகிரி வரைதான் கிருமிகள் பெருக ஏற்ற சூடு. டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்து அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான் கணக்கு. ஞாயிறு செய்ததை வெள்ளிக்கிழமை வரை இழுக்காதீர்கள். வாரத்துக்கும் வேண்டுமென்றால் பாதியை அன்றைக்கே ஃப்ரீசரில் வையுங்கள். தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்த பிறகு பையில் போட்டால் ஒன்றொன்றாக எடுக்க வரும். முந்தின ராத்திரி கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். உறைந்து உருகியதில் கொஞ்சம் தண்ணீர் விடத்தான் செய்யும், டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும்.

மைக்ரோவேவில் முழு சக்தியில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டாக வெட்டி, ஈர டிஷ்யூ போர்த்தி, பாதி சக்தியில் அரை நிமிஷம், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் வையுங்கள். உள்ளே ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும். முழுசாக வைத்தால் உள்ளே அடைபட்ட ஆவி வெடித்துச் சிதறும், வாயில் வைத்த பிறகும் வெடிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. கொலஸ்ட்ரால் என்று கேட்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015லிருந்து எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் அது எல்லாருக்கும் எத்தனை முட்டை வேண்டுமானாலும் என்று பொருள் இல்லை. என் ரத்தப் பரிசோதனையை என் டாக்டர் பார்க்கிறார், உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கேட்காமல் கூட்டக் கூடாது. முக்கியமாக, இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் திடீரென்று காலை கார்பைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். எனக்கு டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்த பிறகுதான் இதைத் தினசரிப் பழக்கமாக்கினேன். நீங்கள் கேள்வியில் மாத்திரை பற்றி எதுவும் சொல்லவில்லை. எடுப்பவராக இருந்தால் இந்த ஞாயிறு தட்டை அவனில் வைப்பதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.